நாலு சைபர் ஏ ஆறு எஃப் ரெண்டு

கருங்காட்டூர் வெங்காயச் சந்தையிலிருந்து கனம் காணாமல் போனது ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு. அந்த நேரத்தில் பவளக்கொடி தன் மண்டி வாசலில் நின்று மூன்று பேரோடு ஒரே மூச்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், டீ ஆறிப்போனதற்காக டீக்காரரோடும், லாரியைக் குறுக்கே நிறுத்தியதற்காக டிரைவரோடும், மூட்டையில் கரிசல் மண் ஒட்டியிருப்பதற்காக அங்கமுத்துவோடும். சண்டை சூட்டில் தராசு மேல் கிடந்த அங்கமுத்துவின் மூட்டையை அவள் லேசாகக் காலால் தள்ள, ஐம்பது கிலோ மூட்டை காலி சிமெண்டுப் பை மாதிரி வழுக்கிக்கொண்டு போய் எதிர்வரிசை நல்லுசாமி மண்டியின் படியில் மோதி நின்றது.

"ஏன்டா அங்கமுத்து, சருகை அடைச்சுக் கொண்டாந்து என்கிட்டயே விக்கப் பாக்கறியா?"

"அக்கா, வெங்காயம்தான்க்கா. அவுத்துப் பாருங்க."

அவிழ்த்தாள். வெங்காயம்தான், நல்ல சிவப்பு, கோலிக்குண்டு பருமன். கையில் அள்ளினால் உள்ளங்கைக்கு அள்ளியதே தெரியவில்லை. தராசைப் பார்த்தாள். கிலோ காட்ட வேண்டிய சிவப்பு எழுத்து 'நாலு சைபர் ஏ ஆறு எஃப் ரெண்டு' என்று காட்டியது. பக்கத்து மண்டித் தராசிலும் அதே, நல்லுசாமி தராசிலும் அதே, சந்தையின் எட்டுத் தராசிலும் அதே. ஒயரைப் பிடுங்கிப் போட்டார்கள், பேட்டரியைக் கழற்றினார்கள், கமிட்டி அறையில் எட்டுத் தராசுக்கும் சேர்த்து இருந்த கம்ப்யூட்டரை அணைத்தார்கள், அணைத்த பிறகும் அந்த எண் அணையவில்லை.

கனம் போனது மூட்டைகளுக்கு மட்டுமில்லை. சந்தையின் சுற்றுச்சுவருக்குள் வந்தது எதுவோ அதற்கெல்லாம் போனது, ஆட்டுக்குப் போனது, ஆளுக்குப் போனது, டீ கிளாசுக்குப் போனது, கமிட்டித் தலைவரின் மோட்டார் சைக்கிளுக்குப் போனது. உள்ளே வந்த ஆட்கள் வெளியே போனதும் பழையபடி ஆனார்கள். வெங்காயத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஒருமுறை உள்ளே வந்த மூட்டையை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தாலும் முள் அசையாது.

கருங்காட்டூர் இதற்கெல்லாம் மலைத்து நிற்கிற ஊரில்லை. முதல் நாள் மதியத்துக்குள் சுமைதூக்குகிற ஆட்கள் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், விரலுக்கு ஒரு மூட்டையாகத் தூக்கிப் போய் அடுக்கிவிட்டுச் சீட்டாட உட்கார்ந்தார்கள். மேஸ்திரி காசி மட்டும் இருபத்தொன்பது வருஷமாக அழுத்திய கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இது என் கழுத்துதானா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள், பத்து வருஷம் குச்சி ஊன்றியவர்கள் குச்சியை வாசலில் சாத்திவிட்டு மண்டி மண்டியாக நடந்து வெங்காயத்துக்கு விலை கேட்டார்கள், வாங்குவதற்கில்லை, நடப்பதற்கு. மாசமாயிருந்த பெண்கள் ஒன்பது பேர் வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் படுத்து, இங்கேயே பெற்றுக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளையை ரெண்டு விரலில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தது. வெங்காயத் தாள் அறுக்கிற பெண்கள் அந்த எண்ணுக்கு மெட்டுப் போட்டார்கள், நாலு சைபர் ஏ ஆறு, நாலு சைபர் ஏ ஆறு, எஃப் ரெண்டு வந்தா ஏலேலோ என்று கத்திக்கு ஒரு தாளமாக அறுத்தார்கள். சாமான்கள் காற்றில் பறக்காதிருக்கக் கல்லைக் கட்டுங்கள் என்று கமிட்டித் தலைவர் மைக்கில் சொன்னார், கல்லுக்கும்தான் கனம் இல்லை என்பதைச் சாயங்காலம்வரை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

பவளக்கொடிக்குத்தான் வயிறு எரிந்தது. ஒன்பது வயசில் லாரிக்கு அடியில் உருண்டு கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கிச் சேர்த்துக் கூறு கட்டி விற்றவள், எழுத்தை மூட்டையின் மேல் பார்த்தும் எண்ணை எடைக்கல்லின் மேல் பார்த்தும் படித்தவள், ஏமாந்த ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம் என்று இருபது வருஷம் படித்துச் சந்தையின் பெரிய மண்டிக்குச் சொந்தக்காரி ஆனவள், இப்போது வயசு ஐம்பத்து நாலு. நிறுக்க முடியாத வெங்காயத்தை ஏலம் விட முடியாது, ஏலம் நடக்காத சந்தைக்கு லாரி வராது. வியாபாரிகள் வியாழக்கிழமைவரை கெடு வைத்திருந்தார்கள், அதற்குள் தராசு சரியாகாவிட்டால் லாரியெல்லாம் ஆத்தூர் ரோட்டுப் புதுச் சந்தைக்குப் போய்விடும், போன லாரி திரும்பி வந்ததாக அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. மேற்கே மேகம் வேறு கட்டிக்கொண்டிருந்தது. நனைந்தால் முளைக்கும், முளைத்தால் முடிந்தது.

"படியால அளந்துக்கலாம் பவளம்," என்றார் நல்லுசாமி, முப்பது வருஷமாக எதிர்வரிசையில் உட்கார்ந்து அவளோடு போட்டி போடுகிறவர்.

அளந்தும் பார்த்தார்கள். கனமில்லாத வெங்காயம் படிக்குள் இறங்கி உட்காரவில்லை, ஒன்றன்மேல் ஒன்று தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரே கூடை ஒருமுறை ஏழு படியும் மறுமுறை பதினொரு படியும் காட்டியது.

"நல்லா அளந்தீங்க, போங்க!" என்று படியைத் தூக்கி எறிந்தாள். அது விழுவதற்கே நேரம் எடுத்துக்கொண்டது, அதில் இன்னும் எரிச்சலானாள்.

தராசு புரோகிராமை எழுதியது சவரிமுத்து. தராசு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆள், தபாலில் பாடம் வரவழைத்துக் கம்ப்யூட்டர் கற்றவர், நாற்பத்தாறு வயசு. கெட்டிக்காரர்தான், ஆனால் பேச்சு மெதுவு, ஒவ்வொரு வார்த்தையையும் சுண்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். பவளக்கொடியோ அடுத்தவர் வாக்கியம் பாதி வந்ததும் மீதியைத் தானே முடித்துக்கொள்கிறவள். இந்த இரண்டு பேரும் பதினோரு வருஷமாகப் பேசிப் பழகியதில் சவரிமுத்து ஒரு விஷயத்தையும் அவளிடம் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

"இந்த நம்பர் என்னய்யா? சாபமா, லாட்டரியா?"

"விலாசம்க்கா. நான் எழுதுறது வரி வரியா இருக்கும். மிஷினு அதைப் படிக்காது. அரைச்சுக் குடுத்தாத்தான் திங்கும். அரைச்ச மாவுல எந்த எடத்துல நின்னு போச்சுங்கிறதுதான் இந்த நம்பரு. அந்த மாவு எந்த வரியிலேருந்து வந்ததுன்னு திருப்பிச் சொல்ல ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. கறுப்புத் திரையில ஒரே ஒரு கட்டளை..."

"அடி, அடி. வாயால சொல்லாத, கையால அடி."

அடித்தார். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறியும் ஒரு சைபரும் வந்தது. கமிட்டி அறை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த சனம் ஒட்டுமொத்தமாக உச்சுக் கொட்டியது.

"அதுக்கே தெரியலையாமே!" என்றாள் பவளக்கொடி.

"அடையாளத்தையெல்லாம் சீவிட்டேன்க்கா. வரி நம்பரு, பேரு எல்லாம் மாவோட ஒட்டித்தான் இருக்கும். பொட்டியில எடம் பத்தலை. பெரிய பொட்டி கேட்டேன். நீங்க..."

"சின்னது போதும்னேன், சரி. அன்னிக்குப் பொட்டி வித்தவன் என்னா விலை சொன்னான் தெரியுமா? இப்ப மறுபடி அரைச்சுப் பாரேன்யா."

"இப்ப அரைச்சா வேற மாவுக்கா. எடம் மாறிடும். அதுவும் ஒரு வரியைக் காட்டும், கூசாம தப்பைக் காட்டும். அன்னிக்கு அரைச்சதுல சீவாத பிரதி ஒண்ணு சிடியில போட்டு வச்சேன்."

"எங்க அது?"

சவரிமுத்து இதற்கு மட்டும் வேகமாகப் பதில் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. "மச்சான் சோளக்காட்டுல தொங்குதுக்கா. கிளி விரட்ட."

புதன்கிழமை காலையில் அவர்கள் இரண்டு பேரும் சோளக்காட்டில் இருந்தார்கள். நூற்றிருபது சிடி கயிற்றில் கட்டிக் கண்ணைக் குத்தும்படி மினுங்கிக்கொண்டிருந்தது, பக்திப் பாட்டு, பழைய சினிமா, யாரோ வீட்டுக் காதுகுத்து. சவரிமுத்து வரப்பில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார, பவளக்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக அறுத்து வந்து கொடுத்தாள், கொடுக்கும்போதெல்லாம் அவர் மச்சானின் பரம்பரையைத் திட்டினாள். தொண்ணூற்று மூன்றாவது சிடியில் அது இருந்தது, கிளி எச்சத்துக்கு அடியில், கீறலுக்கு நடுவில். முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். கட்டளையை அடித்தார். எண்ணைக் கொடுத்தார். மூச்சு விடுகிற நேரத்தில் பதில் வந்தது, கழிவுக் கோப்பு, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.

அந்தச் சந்தையில் எந்த மூட்டையும் தன் முழு எடைக்கு விலைபோனது கிடையாது. சாக்குக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, அழுகலுக்கு இவ்வளவு என்று மண்டிக்கு மண்டி கழிவு உண்டு. விவசாயி தலையைச் சொறிவான், மண்டிக்காரர் காதில் விழாததுபோல் இருப்பார், தலைமுறை தலைமுறையாக அது அப்படித்தான். புரோகிராம் எழுதும்போது ஒவ்வொரு மண்டிக்காரரும் வந்து தன் கழிவைச் சொல்ல, சவரிமுத்து சொன்னவர் பேரோடு ஒவ்வொரு வரியாக எழுதி வைத்திருந்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு யாருது?"

"அது நல்லுசாமி அண்ணனோட அழுகல் கழிவுக்கா. ஆனா பொறுங்க, இதுல..."

பொறுக்கவில்லை. டிராக்டரை மறித்து ஏறி, பின்னாலேயே சவரிமுத்துவும் தொற்றிக்கொள்ள, சந்தைக்குள் அவள் இறங்கிய வேகத்தில், சுவருக்குள் கால் வைத்ததும் கனம் போனதால் நாலடி உயரம் எழும்பித்தான் நல்லுசாமி முன்னால் வந்து நின்றாள்.

"யோவ் நல்லுசாமி! ஊர்க் கனத்தையெல்லாம் முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வெத்தலை மெல்லுறியா? உன் வரியாமே! மிஷினே சொல்லிடுச்சு!"

"என் வரியா? இந்த மாசம் எங்கிட்ட ஒரு மூட்டை அழுகல் வந்துச்சா? நிறுத்தது உன் தராசுல, நின்னது உன் தராசுல. என் வரி எதுக்கும்மா நடுவுல வருது?"

"கிளிக்காட்டுல நின்னு என் கண்ணால பாத்தேன்!" சந்தை மொத்தமும் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் பவளக்கொடிக்கு எப்போதும் குரல் ஒரு கட்டை ஏறும். "எல்லாரும் கேட்டுக்கங்க. யாரு வரியால இது வந்துச்சோ, அந்த ஆளு இந்தத் தராசுக்குப் பக்கத்துல உக்காரணும். கடைசி விவசாயி வந்து போதும்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. சோறு தண்ணி எல்லாம் அங்கேயேதான். யாரா இருந்தாலும் சரி. சம்மதமா?"

"சம்மதம்," என்றார் நல்லுசாமி, வெற்றிலையைத் துப்பிவிட்டு. "ஆனா ஒண்ணு. சவரி ஏதோ சொல்ல வாயைத் தெறக்குறான், நீ வாயை மூடு. அவன் ஒரு தடவையாவது சொல்லி முடிக்கட்டும்."

சனம் ஆமாம் என்றது. காசி மேஸ்திரி அவள் முன்னால் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார், "தாயி, ஒரு நிமிசம்." மாசமான பெண்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். பவளக்கொடி முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

சவரிமுத்து சொல்லத் தொடங்கினார். "அந்த நம்பரு தப்பு நடந்த எடம் இல்லக்கா. திரும்பி வரவேண்டிய எடம்." ஒரு காகம் கத்தி முடிக்கும்வரை நிறுத்தினார். "ஒரு ஆளை வேலையா வெளிய அனுப்புறோம். வந்ததும் எங்கேருந்து தொடரணும்னு ஒரு குறிப்பு வச்சுட்டு அனுப்புறோம். போன ஆளு வரவே இல்ல. நமக்குக் கெடைச்சது அந்தக் குறிப்புதான். அது அடுத்த வேலையைக் காட்டும், அனுப்புன வேலையைக் காட்டாது." மடிக்கணினியை வெளியே எடுத்தார். "அதனால எப்பவும் ஒண்ணைக் கழிச்சுத்தான் கேக்கணும். காட்டுலயே சொல்ல வந்தேன்."

மடிக்கணினியை மூட்டை மேல் வைத்து, ரெண்டை எடுத்துவிட்டு ஒன்று போட்டார். நாலு சைபர் ஏ ஆறு எஃப் ஒண்ணு. பதில் வந்தது. இருநூற்றுப் பதினொன்று.

அந்த வரியை அவர் திறந்து காட்ட, படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்தார்கள். வரிக்குத் தலைமாட்டில் அவர் கையாலேயே குறித்திருந்தது: 'பவளக்கொடி அக்கா, ஈரக் கழிவு. மூட்டைக்கு ஒரு கிலோ எடு. கிராம் மிச்சம் வேண்டாம். முழுசாக வரும்வரை கழித்துக்கொண்டே இரு.'

அவளுக்கு ஞாபகம் வந்தது, நன்றாகவே வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் சவரிமுத்து நோட்டுப் புத்தகத்தோடு வந்து, ஒரு கிலோ எடுத்தும் முழுசாக வரவில்லையென்றால் என்ன செய்வது, எதுவரைக்கும் கழிப்பது என்று இழுத்து இழுத்துக் கேட்க, லாரிக்காரனோடு சண்டையில் இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள், கழிச்சுக்கிட்டே இரும்யா, உயிரை எடுக்காத. அன்றைய தராசு முழுக் கிலோ மட்டும்தான் காட்டும், ஒன்று எடுத்ததும் நின்றுவிடும், ஒரு கெடுதலும் இல்லை. போன வாரம்தான் கமிட்டி கிராம் காட்டுகிற புதுத் தராசு வாங்கிப் போட்டது. அதில் முதலில் ஏறிய அங்கமுத்துவின் மூட்டை ஐம்பது கிலோ முந்நூறு கிராம். ஒன்று கழித்தது, முந்நூறு மிச்சம், இன்னொன்று கழித்தது, முந்நூறு மிச்சம், வரி தன்னைத்தானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கழித்துக்கொண்டே போய், மூட்டை தீர்ந்து, தராசு தீர்ந்து, சந்தை தீர்ந்து, சுற்றுச்சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது.

நல்லுசாமி எகத்தாளமாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அவள் தப்பித்திருப்பாள். அந்த மனுஷன் நேரே தன் மண்டிக்குள் போய், அவர் உட்காருகிற பலாமர முக்காலியை எடுத்து வந்து தராசுக்குப் பக்கத்தில் போட்டார்.

"அந்த வரியை எடுத்துரு," என்றாள் சவரிமுத்துவிடம்.

"எடுத்தா..." என்று ஆரம்பித்து வழக்கம்போல் நிறுத்தினார். அவள் குறுக்கே பேசவில்லை. பேசாததைப் பார்த்து அவருக்கே தடுமாறியது. "எடுத்தா, கழிச்சதெல்லாம் திரும்பிப் போகும்க்கா. திங்கக்கிழமை போனது அதது எடத்துக்குப் போயிரும். ஆனா பதினோரு வருசமா மூட்டைக்கு ஒரு கிலோ போயிருக்கு. அந்த மூட்டையெல்லாம் இன்னிக்கு இல்ல, தின்னு தீந்துபோச்சு. அந்தக் கனத்துக்குப் போக எடமில்ல." திரையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "வரியில இருக்கிறது உங்க பேரு."

"பாதியாக் கொறைக்கச் சொல்லிப் பாரேன்."

"அதுகிட்டப் பேரம் பேச முடியாதுக்கா."

"முக்கால்?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். மேற்கே இடி உருண்டது. சந்தை வாசலில் ரெண்டு லாரி ஏற்கெனவே முகத்தைத் திருப்பி நின்றது, ஆத்தூர் ரோட்டைப் பார்த்து. அங்கமுத்து தன் நாற்பது மூட்டை மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றான், காற்றுக்கு அது பட்டம் மாதிரி அவனையும் சேர்த்து இழுத்தது. விட்டுவிட்டும் போகலாம், இந்தச் சந்தை போனால் புதுச் சந்தையில் ஒரு மண்டி பிடிப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. எந்த லாரிக்கு அடியில் முதல் வெங்காயத்தைப் பொறுக்கினாளோ அந்த இடத்தைப் பார்த்தாள். இப்போது அங்கே ஒரு மூட்டுவலிக்காரர் நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

"சனியனே," என்றாள், யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். "அமுக்கும்யா."

அமுக்கினார்.

முதலில் சத்தம் வந்தது, அடுக்கிக் கிடந்த அத்தனை மூட்டையும் ஒரே நேரத்தில் தொம்மென்று மண்ணில் உட்கார்ந்த சத்தம். ஆடுகள் மடங்கி எழுந்தன. ஆடிக்கொண்டிருந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குச்சி எங்கே என்றார். மாசமான பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து எழுந்து, பிள்ளை இருக்கிறது என்று வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். காசி மேஸ்திரி ஒரு மூட்டையைத் தலைக்கு ஏற்றிக் கழுத்தெலும்பு நெறிபடுவதைக் கேட்டு, இதுதான், இதுதான் என் கழுத்து என்றார். அதற்குப் பிறகு, கடைசியாக, முக்காலியின் மூன்று காலும் முழம் ஆழத்துக்குக் கரிசலுக்குள் இறங்கின. பவளக்கொடியின் உருவம் மாறவில்லை, ஒரு சுற்றுக்கூடப் பெருக்கவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள், விரல் மட்டும் அசைந்தது. எட்டு ஆள் சேர்ந்து கடப்பாரை போட்டும் நெம்ப முடியவில்லை. வாய்க்கு மட்டும் எந்தக் கனமும் இல்லை.

"என்னா வேடிக்கை? மழை வருது, ஏலத்தை ஆரம்பிங்கய்யா!"

லாரிகள் திரும்பின. அங்கமுத்துவின் மூட்டைதான் முதலில் தராசில் ஏறியது. ஐம்பது கிலோ முந்நூறு கிராம் இருக்க வேண்டியது ஐம்பத்தொன்று முந்நூறு காட்டியது. காட்டிய அதே நொடியில் பவளக்கொடிக்குக் கட்டைவிரல் கொஞ்சம் தளர்ந்தது. இரண்டாவது மூட்டைக்கும் ஒரு கிலோ கூட, மூன்றாவதற்கும் ஒரு கிலோ கூட. சனம் கணக்கைப் புரிந்துகொண்டது. இப்படியே மூட்டைக்கு ஒன்றாக இறங்கினால் அவள் எழுந்திருக்க எத்தனை விதைப்புப் பட்டம் வெங்காயம் போட்டு எடுக்க வேண்டும் என்று காசி விரல் விட்டு எண்ணப் பார்த்து விட்டுவிட்டார். மழையில் நனைய வேண்டாமென்று நல்லுசாமி அவள் தலைக்கு மேல் கீற்றுப் போடச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து விவசாயிகள் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள், எல்லாச் சந்தையும் குறைக்கிற இடத்தில் ஒரு சந்தை கூட்டிக் கொடுக்கிறது என்றால் யார்தான் வரமாட்டார்கள். வருகிறவர்களை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே வரிசையில் நில்லு, சாக்கை உதறு, மண்ணைத் தட்டு என்று விரட்டினாள்.

ஆனால் அது அடுத்த வாரம். அந்தப் புதன்கிழமை அங்கமுத்து முப்பத்தொன்பது மூட்டையை நிறுத்துவிட்டு, நாற்பதாவதைத் தூக்காமல் அவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கீற்றிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது, துடைக்க அவளுக்குக் கை எழவில்லை. அவன் துண்டால் துடைத்துவிட்டான்.

"போதும்க்கா. எனக்குப் போதும். நான் சொல்லிடுறேன், எல்லாரையும் சொல்லச் சொல்றேன். நீங்க எந்திரிங்க."

பவளக்கொடி அவனை மேலும் கீழும் பார்த்தாள், முதல் விலையைக் கேட்டதுமே ஒத்துக்கொள்கிற ஏமாளியைப் பார்க்கிற பார்வை.

"என்னடா போதும்? இன்னும் ஒரு மூட்டை இருக்குல்ல? எடுத்ததைத் திருப்பிக் குடுக்கறப்ப ஒரு கிலோ விட்டுக் குடுத்துட்டுப் போறவன் எப்படிடா பொழைப்பே? தூக்கி வைடா அதை."

அவன் தூக்கி வைத்தான்.